படத்துணிக்கு அந்தப் பக்கம்

கடலூர் பழைய ஊரில் மீன் விற்க வருகிறவர்களுக்கு அமீருன்னிசாவின் வாசலில் கூடையை இறக்குவதென்றால் கொஞ்சம் யோசனைதான். விலைக்கு முன்னால் அவள் வேறு பலதும் கேட்பாள். எந்த வலையில் விழுந்தது, கரையை ஒட்டியா தூரத்திலா, நேற்று ஏன் இந்த மீன் வரவில்லை. "வாங்கப் போறியா, விசாரணை வைக்கப் போறியா டீச்சரு?" என்று தேவனாம்பட்டினத்து மங்கலம் சலித்துக்கொள்வாள். ஆனால் பதில் சொல்லாமல் ஒருநாளும் எழுந்து போனதில்லை. டீச்சர் கேட்பது பேரத்துக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

அமீருன்னிசா பிறந்தது கிள்ளையில். அவளுடைய அத்தா உப்பு இலாகாவில் பியூன். மகளைச் சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் பள்ளி இறுதி வரைக்கும் படிக்க வைத்தார். அதைக் கேள்விப்பட்ட ஊர்க்காரர்கள் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். பிறகு பழைய ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரஃபியுதீனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில், சைக்கிளைப் பின்னால் உருட்டினால் மட்டும் பெடல் ஏன் தானாகச் சுற்றுகிறது என்று அவள் கேட்டாள். ரஃபியுதீன் பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரத்தைப் பிரித்து, கிரீஸ் கையோடு விளக்கம் சொல்லிவிட்டு, "இத்தினி வருஷத்துல ஒரு கஸ்டமர் கூட இத கேக்கல புள்ள" என்றான். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவன்தான் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போடச் சொன்னான். அவள் டீச்சரானாள். பெண்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சரித்திரமும் பூகோளமும் எடுத்தாள்.

எட்டாம் வகுப்புதான் அவளுக்குத் தலைவலி. பெரிய மனுஷியானதும் பெண்ணை நிறுத்திவிடுகிற வழக்கம் எல்லாத் தெருவிலும் இருந்தது. அவளுடைய தெருவில் இன்னும் கண்டிப்பாக இருந்தது. வகுப்பில் ஒரு முகம் காணாமல் போனால் அன்று மாலையே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். உபதேசம் எதுவும் செய்யமாட்டாள். தேநீரைக் குடித்துக்கொண்டே, "எதுக்கு நிறுத்துனீங்க?" என்று ஒரு கேள்வி. பதில் வந்தால் அதிலிருந்து இன்னொரு கேள்வி. அவள் எழுந்து போனால் போதும் என்று சில அப்பன்கள் பெண்ணைத் திரும்ப அனுப்பினார்கள்.

கயிறு மண்டி லியாக்கத் அலி அப்படி மசிகிற ஆள் இல்லை. அவருடைய மூத்த மகள் ஷரீபா படிப்பில் சுட்டி. ரொம்ப நாள் இழுத்தடித்துவிட்டு, "இந்த வருஷப் பரீட்சை வரைக்கும் வருவா. நடுவுல ஏதாவது பேச்சு வந்துச்சு, அன்னியோட சரி டீச்சரம்மா" என்று சொல்லியிருந்தார்.

1966 தொடக்கத்தில் அந்தப் பேச்சு வரத்தான் செய்தது. ஒரு சினிமாச் சுருளால் வந்தது.

சிதம்பரத்தில் கலியமூர்த்தி என்றொரு ஓய்வுபெற்ற ஆசிரியர். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சரித்திரச் சங்கம் நடத்தினார். சங்கம் என்றால் ஒரு அறை, ஒரு இரும்பு அலமாரி. மூடிப்போன கப்பல் கம்பெனிகள், பங்களாக்கள், ஏலக்கடைகள் என்று அலைந்து பழைய படச்சுருள்களையும் ஒலிநாடாக்களையும் அதில் சேர்த்திருந்தார். அந்த வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிதம்பரத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாக அறிவித்தார். ஒரே ஒரு நிபந்தனை. பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியது கூடாது. அலமாரியிலிருந்து ஒரு படத்தையோ ஒலிநாடாவையோ எடுத்துப்போய், அதை வைத்துத் தங்கள் ஊரைப் பற்றிப் பிள்ளைகளே கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அமீருன்னிசா போன வேகத்துக்கு அவர் அலமாரியைத் திறக்கும் முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டாள். திரும்பும்போது அவள் கையில் ஒரு தகர டப்பா. முப்பதுகளின் தொடக்கத்தில் யாரோ ஒரு கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர் எடுத்த படம். கடலூர்த் துறை, பினாங்குக் கப்பலுக்கு ஆள் ஏறுவது, அதற்கு முன் நடந்த விருந்து. ஊமைப் படம். எழுத்தோ பெயர்ப்பலகையோ எங்கும் கிடையாது. கூடவே, கருங்கல் மாதிரி கனக்கிற ஒரு ஜெர்மன் டேப்ரெக்கார்டரும் வாங்கி வந்தாள்.

"படத்துக்குத்தான் வாய் இல்ல. பாக்குறவங்களுக்கு இருக்குல்ல?" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். "கப்பலேறுன குடும்பத்துக்காரங்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வைப்போம். படம் ஓடுறப்ப அவுங்க என்ன பேசுறாங்களோ அத அப்படியே புடிச்சிடுவோம். அப்புறம் படத்தையும் பேச்சையும் வச்சுப் பாப்போம்."

மெஷினை இயக்குகிற வேலை ஷரீபாவுக்கு. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பதிவாகும் என்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

தலைமை ஆசிரியை சவரியம்மாள் பள்ளி ஹாலைக் கொடுத்தார். ஜன்னல்களில் ஜமக்காளம் தொங்கவிட்டு மதியத்தையே இருட்டாக்கினார்கள். ப்ரொஜெக்டரும் அதை ஓட்டுகிற பொன்னுரங்கமும் சிதம்பரத்திலிருந்து வாடகைக்கு வந்தார்கள். தெரு ஆண்கள் வர ஒப்புக்கொண்டார்கள். பெண்களும் வரவேண்டும் என்று அமீருன்னிசா சொன்னபோதுதான் இழுபறி வந்தது.

"ஒரே ஹால்ல எப்படி டீச்சரம்மா?" என்றார் லியாக்கத் அலி.

பொன்னுரங்கம் அதற்கு வழி வைத்திருந்தான். "இதுக்கா யோசனை? துணிய ஹால் நடுவுல கட்டிடறேன். ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம். திருவிழாவுல கூட்டம் ஜாஸ்தியானா நாங்க இப்படித்தான். மெல்லிசு மல்லுத் துணி, பாய். தண்ணி தெளிச்சுட்டா அந்தாண்ட இன்னும் அம்சமா தெரியும்."

எல்லாருக்கும் திருப்தி. வெள்ளைத் துணி நடுவில் தொங்கியது. வாசல்கூடத் தனித்தனி. பெண்கள் பேசுவதுதான் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்ட அமீருன்னிசா, ஷரீபாவையும் டேப்ரெக்கார்டரையும் அந்தப் பக்கம் அனுப்பினாள். ப்ரொஜெக்டர் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்பதால் அவளும் சவரியம்மாளும் ஆண்கள் பக்கத்தின் கடைசியில் இருந்தார்கள்.

படம் ஓடியது. துறையும் அலையும் படகும் வந்ததும் ஹால் களைகட்டியது. தலையில் பெட்டியோடு படகேறுகிறவர்களைப் பார்த்து ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள். ஒரு மனிதர் காலை இழுத்து இழுத்து வந்தார். லியாக்கத் அலிதான் முதலில் கண்டுகொண்டார்.

"அட, நம்ம காசிம் மாமு! நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன்பா. ஆனா வலது காலத்தானே இழுப்பாரு? படம் புடிக்கிறான்னு கால மாத்திக்கிட்டாரு பாரு!"

ஆண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. துணிக்கு அந்தப் பக்கமும் ஏதோ சிரிப்புக் கேட்டது.

பிறகு விருந்து. நீளமாகப் பாய் விரித்திருந்தது. சகன் என்கிற பெரிய தட்டு ஒவ்வொன்றையும் சுற்றி நாலைந்து பேர், எல்லாரும் ஒரே தட்டில் கையை வைத்துச் சாப்பிடுகிற வழக்கமான விருந்துதான். முதலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ஒருவர் பேச்சை நிறுத்தினார். அடுத்து இன்னொருவர். சோற்றுக்குள் போன கை ஒன்றுவிடாமல் இடது கை. பிசைவதும் உருட்டுவதும் வாய்க்குக் கொண்டுபோவதும் இடது கை. ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு வந்தது. அங்கேயும் அப்படியே.

"நிறுத்துய்யா!" லியாக்கத் அலி எழுந்து ப்ரொஜெக்டருக்கு முன்னால் வந்து நின்றார். பாதிப் படம் அவருடைய சட்டையில் ஓடியது. "நிறுத்துன்னு சொல்றேன்ல!"

பொன்னுரங்கம் விளக்கை அணைத்தான்.

"டீச்சரம்மா, இது என்ன? நம்ம அத்தாமாரு எல்லாம் பீச்சாங்கையால சோறு தின்னவங்களா? எவனோ வெள்ளைக்காரன் நம்மள கேலி பண்ண எடுத்திருக்கான். இத நீங்க எங்க புள்ளைங்கள வச்சு சிதம்பரத்துல நாலு பேருக்குக் காட்டப் போறீங்க!"

"அண்ணே, நானும் இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள் அமீருன்னிசா. அவளும் கண்ணால் பார்த்தாள். மறுக்க எதுவுமில்லை.

கலைந்துபோகிறவர்கள் வாசலிலேயே விளக்கங்களைத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காசு கொடுத்து அப்படிச் சாப்பிடச் சொல்லியிருப்பான் என்றார் ஒருவர். கப்பலில் ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் கரையிலேயே பழக்கினார்கள் என்றார் இன்னொருவர். லியாக்கத் அலி எதையும் கேட்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் போய், "ஷரீபா, கெளம்பு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் ஷரீபாவின் இடம் காலி. சவரியம்மாள் அமீருன்னிசாவைக் கூப்பிட்டு, "படத்தத் திருப்பி அனுப்பிடும்மா. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அமீருன்னிசாவுக்கு எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஷரீபாவோடு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோகநாயகி என்ற பெண் இடைவேளையில் வந்து நின்றாள். "டீச்சர், அவுங்க வலது கையாலதான் சாப்பிட்டாங்க. ஷரீபாவும் அவுங்க அத்தாகிட்ட அப்படித்தான் சொன்னாளாம். ஒரு அறை வாங்கினாளாம்."

"நான் பாத்தேன்டி. இந்தக் கண்ணால பாத்தேன்."

"நாங்களும்தான் டீச்சர் பாத்தோம்."

"சிநேகிதிக்காகப் பொய் சொல்லக் கூடாது. போ."

போகச் சொல்லிவிட்டாளே தவிர அது அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் சொல்கிறவள் இப்படி நேராகக் கண்ணைப் பார்ப்பாளா? சரி, பொய்யில்லை என்றால் என்ன? ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் வலது என்றும் இடது என்றும் எப்படிச் சொல்ல முடியும்?

மெஷினைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டுவிடலாம் என்று பட்டது. விஞ்ஞான அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாடாவை ஓடவிட்டாள். முதலில் வளையல் சத்தம், குழந்தை அழுகை, யாரோ வெற்றிலை கேட்பது. பிறகு பெண்களின் பேச்சு.

"ஏ, காசிம் மாமு டீ! பாரு, வலது கால இழுத்துக்கிட்டு. அதே நடை, அச்சு அசல் அதே நடை!" அது லியாக்கத் அலியின் மனைவி ரஹ்மத் பீவியின் குரல். எட்டத்தில், துணிக்கு அப்பாலிருந்து, காசிம் மாமு கால் மாற்றினார் என்று லியாக்கத் அலி சொல்வதும் ஆண்கள் சிரிப்பதும் லேசாகக் கேட்டது.

அமீருன்னிசா நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினாள். வலது கால் என்கிறாள் மனைவி. இடது காலைப் பார்த்துச் சிரிக்கிறார் புருஷன். அதே நொடியில்.

நாடா மேலே ஓடியது. விருந்து வந்திருக்க வேண்டும். நெய்ச்சோறா, வெறும் சோறா என்று பெண்கள் வழக்காடினார்கள். திடீரென்று தூரத்தில் லியாக்கத் அலியின் கத்தல்.  பிறகு ஒரு பெண்குரல்: "என்னடி சத்தம்?" இன்னொன்று: "தெரியலயே. எதுக்கு இப்படி கத்துறாங்க? நல்லாத்தானே சோறு தின்னுக்கிட்டு இருக்காங்க!"

அமீருன்னிசா நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சண்டை வரப்போகிறது என்று தெரியாதபோது பேசியது இது. யாரையும் காப்பாற்றுவதற்காகப் பேசியதில்லை. அவர்கள் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் பார்த்ததும் பொய்யில்லை. நடுவில் இருந்தது ஒரு மல்லுத் துணி மட்டும்.

பொன்னுரங்கம் பழைய ஊரிலேயே தங்கை வீட்டில் தங்கியிருந்தான். அமீருன்னிசா விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவனுக்கு ரோஷம் வந்தது. "நானா? தப்பா மாட்டுறதா? தப்பா மாட்டினா படம் ஓடவே ஓடாது டீச்சர். பிலிம்ல ஒரு பக்கந்தான் ஓட்டை இருக்கும், அது பல்லுல உக்காரணும்." சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து சுருளை வெளிச்சத்தில் பிடித்தவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு ஓரத்திலும் ஓட்டை வரிசை.

"ஊமைப் படம்" என்றான் மெல்ல. "பேசும் படத்துலதான் ஒரு ஓரத்த சத்தத்துக்கு விட்டுடுவாங்க. இதுல ரெண்டு பக்கமும் ஓட்டை. உள்பக்கம் வெளிப்பக்கம் எப்படித் திருப்பி மாட்டினாலும் ஓடித் தொலையும். எழுத்து இருந்திருந்தா கண்டுபுடிச்சிருப்பேன். அதுவும் இல்ல."

"அப்ப அந்தப் பக்கம் உக்காந்தவங்களுக்கு?"

"மாறிப்போனது துணிக்குப் பின்னால இன்னொரு தடவ மாறி நேராயிருக்கும். பொம்பளைங்க சரியாத்தான் பாத்திருக்காங்க." தலையைச் சொறிந்தான். "திருப்பி மாட்டிக் காட்டிடலாம் டீச்சர். ஆனா நம்புவாங்களா? முதல்ல கேலி பண்ணிட்டு இப்ப பயந்துபோய் மாத்திட்டாங்கன்னு சொல்லுவாரு அந்த பாய்."

அதுதான் அமீருன்னிசாவுக்கும் கவலை. சண்டைக்குப் பிறகு சொல்கிற எதையும் லியாக்கத் அலி நம்பமாட்டார். சண்டைக்கு முன்னால் சொன்னது நாடாவில் இருக்கிறது. ஆனால் அது பெண்கள் குரல். கயிறு மண்டியில் வைத்து நாலு ஆண்களுக்கு நடுவே ஓடவிட்டால், படத்தைவிடப் பெரிய சண்டை வரும். வீட்டில்தான் கேட்க வேண்டும். அதற்கும் முதலில் ஒருத்தியின் சம்மதம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொடங்குவதற்கு முன்பே ரஃபியுதீன் டேப்ரெக்கார்டரை சைக்கிள் கேரியரில் கட்டினான். "இது என்ன கனம் கனக்குது? உள்ள சரித்திரம் பூரா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்து, லியாக்கத் அலி வீட்டில் இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போனான். ரஹ்மத் பீவி அடுப்படியில் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். ஷரீபா கதவோரம் நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிறகு மெஷினைப் பார்த்து இன்னும் மலர்ந்தது.

அமீருன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள். ரஹ்மத் பீவி அம்மியை விட்டுக் கையை எடுத்தாள்.

"நான் பேசினது அதுக்குள்ள இருக்கா? அல்லா! வேற என்னெல்லாம் பேசினேன்?"

"நாத்தனார் வீட்டு நெய்ச்சோத்தப் பத்தி."

"ஐயோ, அத அழிச்சிடுங்க லாத்தா!"

"அதுக்கு முன்னாலயே நிறுத்திடறேன். ஒங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் கேக்கப் போறாரு. ஒங்க குரல் அவருக்குப் புதுசா?"

ரஹ்மத் பீவி யோசித்தாள். "தெனம் கேக்குறாரு, ஆனா காதுல வாங்குறதில்ல. மெஷின்ல கேட்டாவது வாங்குறாரான்னு பாப்போம். போடுங்க."

கூடத்து விளக்கில் பல்பைக் கழற்றி அந்த ஹோல்டரில் ஒயரை மாட்டினாள் ஷரீபா. லியாக்கத் அலி பள்ளிவாசலிலிருந்து வந்து, கூடத்தில் மெஷினையும் டீச்சரையும் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலேயே நின்றார்.

"பள்ளிக்கூடம் இப்ப வீட்டுக்கே வந்துருச்சா?"

"ஒரு தடவ கேளுங்கண்ணே. கேட்டுட்டு, போன்னா போயிடறேன்."

சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை விரட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை. உட்கார்ந்தார். ஷரீபா பொத்தானை அழுத்தினாள். ரஹ்மத் பீவியின் குரல் வந்ததும் அவர் திடுக்கிட்டு அடுப்படியைப் பார்த்தார். காசிம் மாமு, வலது கால், அதே நடை. அடுத்த கணமே தூரத்தில் ஒரு ஆண்குரல், கால மாத்திக்கிட்டாரு பாரு என்று.

"யாரு அது? ஆட்டுக்கடா மாதிரி கத்துறான்?"

"நீங்கதான் அத்தா" என்றாள் ஷரீபா.

"நானா? என் குரலா இது?"

"தெனமும் இப்படித்தான்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். அதற்குள் அவர் முகம் மாறியிருந்தது. அமீருன்னிசா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கேட்க மட்டும் செய்தாள்.

"அண்ணே, காசிம் மாமு எந்தக் கால இழுப்பாரு?"

"வலது. சத்தியமா வலது. நானே அவரு பின்னால அதே மாதிரி நடந்து காட்டி அடி வாங்கியிருக்கேன்."

"அப்ப அவரச் சரியாப் பாத்தது யாரு?"

லியாக்கத் அலி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இடது கையை. உள்ளே திரும்பி, "ஏம்மா, சகன்ல எந்தக் கை வச்சிருந்தாங்க?" என்றார்.

"அன்னிக்கே இந்தப் புள்ள சொல்லிச்சே. காதுல வாங்கினீங்களா? அறைஞ்சீங்க."

அவர் ஷரீபா பக்கம் பார்க்கவில்லை. "சோறு போடு" என்றார். பிறகு, "டீச்சரம்மாவுக்கும் போடு. சாயங்காலம் படத்த இன்னொரு தடவ ஓட்டச் சொல்லுங்க. பாத்துட்டுத்தான் பேசுவேன்."

இரண்டாவது காட்சிக்குத் துணி கட்டுவதில் புதுச் சிக்கல். பெண்களை மறுபடி அந்தப் பக்கம் வைத்தால் இந்த முறை அவர்களுக்கு இடது கை தெரியும். "எங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?" என்றார்கள் பெண்கள். கடைசியில் துணியைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, ஹாலின் நடுவே நீளவாக்கில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சவரியம்மாள் ஜெபமாலையை உருட்டியபடி வாசலை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்.

காசிம் மாமு வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். விருந்து வந்தது. சோற்றில் வலது கைகள். ஆண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு. "பாத்தியா, நான் அப்பவே நெனச்சேன்" என்று கம்பி பிடிக்கிற கதை சொன்னவரே சொன்னார். படம் முதல் நாள் நிறுத்திய இடத்தைத் தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு இருப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை.

கடைசிச் சகன். அங்கே நாலு பேர். மூன்று பேர் வலது கையால் சாப்பிட்டார்கள். நாலாவது ஆள், தொப்பி வைத்த வாட்டசாட்டமான மனிதர், இடது கையால் சாப்பிட்டார். வலது கை ஒரு வெள்ளைத் துணியில் கழுத்தோடு கட்டித் தொங்கியது. யாரோ ஏதோ சொல்ல, வாயில் சோற்றோடு சிரித்தார்.

ஜமக்காளத்துக்கு அப்பால் ரஹ்மத் பீவி தன்னை மறந்து, "இது நம்ம மாமா!" என்றாள்.

லியாக்கத் அலியின் அத்தா. அந்த விருந்துக்குப் பிறகு பினாங்கு போய், அங்கேயே மௌத்தாகி அடக்கமானவர். லியாக்கத் அலிக்கு அப்போது நடை பழகுகிற வயது. வீட்டில் ஒரே ஒரு போட்டோ இருந்தது. அதில் அவர் சிரிக்கவில்லை.

பொன்னுரங்கத்தின் கை விளக்குச் சுவிட்சின் மேலேயே இருந்தது. "பாய், நிறுத்தவா?" என்றான். அமீருன்னிசா லியாக்கத் அலியைப் பார்த்தாள். ஊரே வலது கையால் சாப்பிட, இந்த மனிதரின் அத்தா ஒருவர் மட்டும் இடது கையால். இப்போது அவர் எழுந்து போனால், ஷரீபாவும் கூடவே போவாள். இந்த முறை எந்த நாடாவும் உதவாது.

லியாக்கத் அலி எழுந்தார். துணியின் அருகே போனார். அவர் நிழல் பாதிப் படத்தை மறைத்தது.

"ஓடட்டும்" என்றார். படம் முடிந்ததும் திரும்பி, "அந்தக் கடைசிய மட்டும் இன்னொரு தடவ போடு" என்றார். பொன்னுரங்கம் சுற்றிவிட்டு ஓட்டினான். மறுபடியும் ஓட்டினான்.

"கையில எதுக்குக் கட்டு?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்டார். "யாருக்காவது தெரியுமா? எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லையே."

யாருக்கும் தெரியவில்லை.  கேள்வி கேட்டே பழகிய அமீருன்னிசாவுக்கு இந்தக் கேள்வி தன்னுடையதில்லை என்று தோன்றியது.

ஜமக்காளத்தின் ஓரத்தை விலக்கி ஷரீபா எட்டிப் பார்த்தாள். "அத்தா, கப்பலுக்கு ஆள் ஏத்துன படகுக்காரங்க யாராவது தேவனாம்பட்டினத்துல இருப்பாங்கல்ல? டீச்சர் மெஷின் குடுத்தா நான் போயி கேட்டுட்டு வரேன்."

"தனியாவா?" என்றார். பிறகு, "நாளைக்கு மண்டிய சின்னையன் பாத்துக்குவான். நானும் வரேன்" என்றார்.

தேவனாம்பட்டினத்தில் மங்கலம் நாலு வீடு காட்டினாள். ஒருவர் காது கேளாதவர். இன்னொருவருக்குக் கப்பல் ஞாபகம் இருந்தது, ஆள் ஞாபகமில்லை. மற்றவர்கள் கயிறு விலையைப் பற்றி லியாக்கத் அலியிடம் சண்டை போட்டார்கள். அவர்களைக் கரண்டு இருந்த டீக்கடைக்கு வரவைத்து, எல்லாவற்றையும் ஷரீபா பதிந்துகொண்டாள், சண்டை உட்பட.

அதனால் சிதம்பரம் கண்காட்சியில் பழைய ஊர்ப் பிள்ளைகளின் மேசையில் விடை இல்லாத ஒரு கேள்வியும் இருந்தது. படம் எப்படித் தவறாக ஓடியது, எந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், நாடா எப்படி உதவியது என்பதையெல்லாம் ஷரீபா அட்டையில் எழுதியிருந்தாள். கடைசி வரி: "இவர் கையில் ஏன் கட்டு என்று தெரியவில்லை. தேடுகிறோம்." பரிசு வேறு ஒரு பள்ளிக்குப் போனது. கலியமூர்த்தி அந்த அட்டையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். லியாக்கத் அலி காலையிலிருந்து மாலை வரை அங்கேயே நின்று, நரைத்த தலை எது வந்தாலும் மடக்கினார். கிள்ளைக்காரர் ஒருவர், நங்கூரக் கயிறு சுழற்றி அடித்திருக்கும் என்றார். கீரப்பாளையத்து மனிதர் ஒருவர், இல்லை, வண்டி குடைசாய்ந்து ஒரு பினாங்கு சாயபு கையை முறித்துக்கொண்டார் என்று தன் அப்பா சொல்லியிருக்கிறார், அது இவராக இருக்கலாம் என்றார். ஷரீபா இரண்டையும் பதிந்துகொண்டாள்.

திரும்பும் பாசஞ்சரில் கூட்டமில்லை. டேப்ரெக்கார்டர் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. ஷரீபா ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்கவில்லை என்பது அமீருன்னிசாவுக்குத் தெரியும்.

"டீச்சரம்மா" என்றார் லியாக்கத் அலி. "இந்த சரித்திரப் பாடம் எட்டாங் கிளாஸோட முடிஞ்சுருமா?"

"இல்லண்ணே. ஒம்பதுல இருக்கு. பதினொண்ணு வரைக்கும் இருக்கு."

"அங்கயும் இப்படி ஊர் ஊராப் போயி கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"சொல்லிக்குடுக்குறவங்களப் பொறுத்தது. கேட்டா நல்லது."

அவர் வெளியே பார்த்தார். அறுப்பு முடிந்த வயல்கள் பின்னால் ஓடின.

"அந்த வண்டி குடை சாஞ்ச கதைய நான் நம்பல" என்றார். "கீரப்பாளையத்துல அத சொன்னவரோட அப்பாவத் தெரிஞ்ச ஆளு இன்னும் யாராச்சும் இருப்பாங்க. இவ ஒம்பதாவது போனதும் ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போயி விசாரிக்கணும்."

ஷரீபா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் காலை ஆட்டத் தொடங்கியிருந்தாள்.